வதிவிட உரிமைக்கு வைத்த விலை

ஒரு தேசத்தில் அந்நியர் நிலையாகக் குடியிருப்பதற்கு அனுமதி வழங்கும் அதிகாரம் அந்தத் தேசத்து அரசாங்கத்துக்கே உரியது என்பதையும், அவ்வனுமதிக்கான விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் உத்தியோகஸ்தரின் உழைப்புக்குச் செலவாகும் பணத்தை விண்ணப்பகாரரிடமிருந்து பெற்றுக்கொள்வது நியாயமே என்பதையும் மறுப்பவர் எவருமில்லை. ஆனால், செலவான தொகைக்குப் பல மடங்கு மேலாக அறவிட்டு, அதையும் ஒருமுறையோடு நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அறவிட்டு, செலுத்த இயலாதவன் சட்டவிரோதியாகிவிடுவான் என்ற அச்சத்தையும் அதன்மேல் சுமத்துகின்ற ஒரு முறை நிலைபெறுமானால், அங்கே பரிசீலிக்கப்படுவது மனிதனின் தகுதியா, அவன் குடும்பத்தின் கையிருப்பா என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. இலண்டனிலும் ஒட்டாவாவிலும் தீர்மானிக்கப்படும் இக்கட்டணங்களைப் பற்றி முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையிலிருந்து எழுதுவதற்குக் காரணம், அவற்றின் பாரம் இலண்டனோடும் ரொறன்ரோவோடும் நின்றுவிடாமல், கடல் கடந்து வந்து எங்கள் வயல்களின் மேலும் எங்கள் பெண்களின் நகைகளின் மேலும் இறங்குகிறது என்பதேயாகும்.

இந்த ஊரவர் உலகெங்கும் சிதறியது பணத்தாசையினால் அன்று. 2008ஆம் ஆண்டின் இறுதியில் போருக்கு அஞ்சி முள்ளியவளையையும் தண்ணீரூற்றையும் விட்டுப் புறப்பட்ட சனங்கள், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கி ஒதுங்கி, உயிரோடு மிஞ்சியவர்கள் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் அடைபட்டு, 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்படுவதற்கு முன்னும் பின்னுமாக ஊர் திரும்பியபோது, வீடிருந்த இடத்தில் கூரையும் இல்லை, உழைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு நிம்மதியும் இல்லை. அவ்வாறான காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வெளியேறியோரில் 492 பேர் 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ என்ற ஒற்றைக் கப்பலில் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர். வேறு பலர் பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா என்று தனித்தனியே போய்ச் சேர்ந்தனர். அவர்களுக்குப் பின்னால் மனைவியும், மணம் பேசிய பெண்ணும், பிள்ளையும் முறைப்படி விண்ணப்பித்துப் போகத் தொடங்கினார்கள். தஞ்சம் கோருவதற்குப் பிரித்தானியாவோ கனடாவோ விலை வைக்கவில்லை என்பது உண்மை. பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துப் பெற்றவர் நிரந்தர வதிவிடம் கோருவதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, குடும்ப வாழ்க்கையையோ நீண்டகால வாசத்தையோ ஆதாரமாகக் காட்டித் தங்கியிருப்பவரும், குடும்பத்தோடு சேரப் போகும் துணைவரும் பெரும்பாலும் இந்தக் கட்டணச் சுமையிலிருந்து தப்புவதில்லை.

ஒரு கலியாண விசாவின் கோவையை விரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கிராம அலுவலரின் அத்தாட்சி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவுச் சான்றிதழ், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் முத்திரை, கலியாண அல்பத்திலிருந்து தெரிந்தெடுத்த படங்கள், இருவரும் பேசிக்கொண்டதற்கு அத்தாட்சியாக அச்சிட்டெடுத்த தொலைபேசிச் செய்திகள், மாப்பிள்ளையின் சம்பளப் பற்றுச்சீட்டுகள் என்று அந்தக் கோவை பருத்துக்கொண்டே போகிறது. கடவுச்சீட்டுக்கு வவுனியா, ஆங்கிலப் பரீட்சைக்கும், காசநோய்ப் பரிசோதனைக்கும், கைரேகை பதிவதற்கும் கொழும்பு. முல்லைத்தீவு மாவட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இவ்வளவுக்கும் தனியே பிரயாணம் செய்வதில்லை. தகப்பனோ தமையனோ கூடப் போகவேண்டும். இரவு பஸ், விடுதி, சாப்பாடு, இழந்த நாட்கூலி எல்லாம் எந்த அரசாங்கத்தின் கட்டண அட்டவணையிலும் இடம்பெறாத செலவுகள்.

அட்டவணையில் உள்ள செலவோ இவற்றையெல்லாம் சிறிதாக்கிவிடுகிறது. 2025 ஏப்ரலில் பிரித்தானிய உள்துறை அமைச்சு நிர்ணயித்தபடி, வெளிநாட்டிலிருந்து துணைவராக விண்ணப்பிப்பவர் செலுத்தவேண்டியது 1,938 பவுண். அதனோடு, ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் மூன்று ஆண்டுக்கான சுகாதார மேலதிகக் கட்டணம் 3,105 பவுண். இரண்டும் சேர்ந்து 5,043 பவுண். ஒரு பவுண் சுமார் 400 ரூபாய் என்று கொண்டால், இருபது இலட்சம் ரூபாய். 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபாய். அந்தக் கணக்கில் இந்தத் தொகைக்கு ஏறத்தாழ 16,800 கிலோ நெல் விற்கவேண்டும். ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்தது என்று வைத்துக்கொண்டாலும், எட்டு ஏக்கருக்கு மேற்பட்ட வயலின் ஒரு போக விளைச்சல் முழுவதும், உழவுகூலி, பசளை, அரிவுவெட்டு ஒன்றையும் கழிக்காமல், ஒரு பெண் தன் புருஷனோடு போய்ச் சேர்வதற்கான முதலாவது விண்ணப்பத்துக்கே போய்விடுகிறது.

முதலாவது விண்ணப்பத்துக்கே என்றேன். ஏனெனில் 33 மாதத்தில் அந்த அனுமதி முடிந்துவிடுகிறது. நீடிப்பதற்கு, அதே 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி, மீண்டும் 1,321 பவுண். அடுத்த இரண்டரை ஆண்டுக்கான சுகாதாரக் கட்டணம் 2,587 பவுண் 50 பென்ஸ். ஐந்து ஆண்டு நிறைந்து நிரந்தர வதிவிடம் கோரும்போது 3,029 பவுண். ஆக மொத்தம் ஒருவருக்கு ஏறத்தாழ 12,000 பவுண், நாற்பத்தெட்டு இலட்சம் ரூபாய். இது சீரான பாதை. தஞ்சக் கோரிக்கை தோற்றபின் குடும்ப வாழ்க்கையின் அடிப்படையில் தங்குபவருக்கு விதிக்கப்படும் பத்தாண்டுப் பாதையோ இன்னும் கடினமானது: முப்பது மாதத்துக்கு ஒரு தடவையாக நான்கு முறை 3,908 பவுண் 50 பென்ஸ், முடிவில் 3,029 பவுண் என்று, 2025ஆம் ஆண்டு விகிதத்திலேயே 18,663 பவுண் ஆகிறது. மனைவிக்கும் அங்கே பிரஜாவுரிமை பெறாத பிள்ளைகளுக்கும் இத்தகைய கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்தால், ஒரு குடும்பஸ்தர் பத்து ஆண்டுகளாக உழைத்தது யாருக்காக என்பது விளங்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு இந்தக் கணக்கில் சேரவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பும். விண்ணப்பக் கட்டணம் திரும்புவதில்லை.

இந்த நிலை எப்போதும் இப்படி இருந்ததில்லை. பிரித்தானியாவுக்குள் இருந்துகொண்டே வதிவிட அனுமதி கோருபவரிடம் கட்டணம் அறவிடும் வழக்கம் 2003 ஓகஸ்டிலேதான் ஏற்பட்டது. அன்று நிரந்தர வதிவிடத்துக்கு விதிக்கப்பட்ட தொகை 155 பவுண். 2007இல் அது 750 ஆயிற்று, 2015இல் 1,500, 2018இல் 2,389, 2023இல் 2,885, 2025இல் 3,029. இருபத்திரண்டு ஆண்டில் அந்நாட்டின் பொதுவான விலைவாசி சுமார் இரு மடங்காக, இந்தக் கட்டணமோ பத்தொன்பது மடங்குக்கு மேலாகிவிட்டது. சுகாதார மேலதிகக் கட்டணமும் 2015இல் 200 பவுணாகப் பிறந்து, 2019இல் 400, 2020இல் 624, 2024 பெப்ரவரியில் 1,035 என்று வளர்ந்தது. பரிசீலிக்கும் வேலை இத்தனை மடங்கு கடினமாகிவிட்டதா என்றால், இல்லை. நிரந்தர வதிவிடத்துக்கு 2,389 பவுண் அறவிட்ட காலத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கவனிப்பதற்குத் தமக்கு ஆகும் செலவு 243 பவுண் என்று அந்த அமைச்சே கணக்குக் காட்டியிருந்தது. எஞ்சியது எதற்கு என்ற வினாவுக்கு 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் விடை தருகிறது. விண்ணப்பத்தின் செலவை மாத்திரமன்றி, குடிவரவு நிருவாகத்தின் ஏனைய செலவுகளையும், விண்ணப்பகாரர் அடையும் பயனின் பெறுமதியையும் கருத்திற்கொண்டு கட்டணம் விதிக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. எல்லைக் காவலுக்கும் அதன் தொடர்பான ஏனைய வேலைகளுக்கும் ஆகும் பணத்தை நாட்டின் பொது வரியிலிருந்து எடுக்காமல், மனைவியை அழைக்கும் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து எடுப்பதென்று தீர்மானித்துவிட்டார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயத்தையும் மரியாதையோடு எடுத்து ஆராயவேண்டும். வந்தேறியவர் அடையும் நன்மை பெரிது. அதன் செலவை ஏற்கெனவே வரி செலுத்திவரும் குடிமக்கள்மீது ஏன் சுமத்தவேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நல்லதே. ஆனால் பெற்றோல் நிலையத்திலும், கடையிலும், உணவகத்தின் சமையலறையிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளை, அந்நாட்டுக் குடிமகன் செலுத்தும் வருமான வரியையும் தேசிய காப்புறுதியையும் மாதந்தோறும் தவறாமல் செலுத்துகிறான். வைத்தியசாலைகள் நடப்பது அந்த வரிப் பணத்தில். அதே வைத்தியசாலைக்காக அவனிடம் இன்னொரு முறை முற்கூட்டியே ஆண்டுக்கு 1,035 பவுண் பெறுவது ஒரே பண்டத்துக்கு இரு தடவை விலை வாங்குவதாகும். 2025 ஏப்ரலில் அங்கே சட்டப்படியான ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. அந்தக் கூலியில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு மாத்திரம் 248 மணித்தியாலம், அதாவது வாரம் நாற்பது மணித்தியால வேலையில் ஆறு வாரத்துக்கும் மேலான முழுக்கூலி, வரி கழிக்காமல், வாடகை கொடுக்காமல், ஒரு நேரம் சாப்பிடாமல் சேர்த்துவைக்கவேண்டும். செல்வந்தனுக்கும் இதே தொகைதான் என்பதால் அது சமத்துவமாகிவிடாது.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த முறையின் கொடுமையை அந்நாட்டு நீதிமன்றங்களே எடுத்துக்காட்டின. அந்நாட்டிலேயே பிறந்தோ வளர்ந்தோ பிரஜையாகப் பதிவுபெற உரிமையுள்ள பிள்ளையிடம் 1,012 பவுண் அறவிடப்பட்டது. அதற்கான நிருவாகச் செலவு 372 பவுண். பிள்ளைகளின் நலனைக் கருத்திற்கொள்ளாமலே இத்தொகை நிர்ணயிக்கப்பட்டதால் அது சட்டத்துக்கு முரணானது என்று மேல் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது; மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2021இல் அதை உறுதிப்படுத்தியது. உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில், கட்டணத்தை இவ்வளவு உயர்த்துவதற்கு நாடாளுமன்றம் அதிகாரம் அளித்திருக்கிறது என்றபோதிலும், அதே ஆண்டு ஜூன் முதல் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கு விலக்களிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வழக்காடிய ஒரு சிறு ஸ்தாபனத்தின் பிடிவாதத்தால் ஓர் அரசாங்கத்தின் மனம் சற்றேனும் இளகிற்று என்பதை நம்மவர் நினைவில் வைக்கவேண்டும்.

கனடாவின் சரித்திரம் இன்னும் ஆழமான பாடம் கற்பிக்கிறது. 1885இல் அந்நாடு, தன் புகையிரதப் பாதையை அமைத்துக்கொடுத்த சீனத் தொழிலாளரின் இனத்தவர் இனிமேல் வருவதைத் தடுக்கும் பொருட்டு, உள்நுழையும் சீனர் ஒவ்வொருவர்மீதும் 50 டொலர் தலைவரி விதித்தது. 1900இல் அது 100 டொலராகி, 1903இல் 500 டொலராயிற்று. 1923இல் தலைவரியை நீக்கி ஏறத்தாழ முழுத் தடையையே விதித்தார்கள். புருஷன் ஒரு கரையிலும் மனைவி மறு கரையிலுமாக ஒரு சந்ததியே முதுமையடைந்தது. 2006 ஜூனில் பிரதமர் ஸ்டீபன் ஹாப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கோரினார். 1995இல் 975 டொலராக விதிக்கப்பட்டிருந்த நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 490 டொலராக ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அகதிகளுக்கு அதிலிருந்து 2000ஆம் ஆண்டிலேயே விலக்குக் கிடைத்திருந்தது. உயர்த்திய கட்டணத்தைத் தாழ்த்த முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் 2020இல் 500, 2022இல் 515, 2024 ஏப்ரலில் 575 என்று அது மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது. மனைவியையோ புருஷனையோ அழைப்பவர் 2024ஆம் ஆண்டு அட்டவணைப்படி கனடாவில் மொத்தமாகச் செலுத்தவேண்டியிருந்த சுமார் 1,200 டொலரைப் பிரித்தானியாவின் தொகையோடு ஒப்பிட்டால், செல்வமும் சட்ட ஒழுங்கும் உள்ள ஒரு நாடு இதைவிடக் குறைந்த செலவில் இக்காரியத்தை நடத்த முடியும் என்பது தெளிவாகிறது.

அந்நியரைக் குறைகூறும் நாம் நம் தேசத்தின் சரித்திரத்தையும் மறந்துவிடலாகாது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்து தேயிலைக்கும் இறப்பருக்கும் உரமாகிப்போன மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், விவாகமானவர் ஏழு ஆண்டும் ஏனையோர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததை இரண்டே ஆண்டுத் தவணைக்குள் எழுத்துமூலம் நிரூபிக்கும்படி கேட்டது. லயக் காம்பராவில் வசித்தவரிடம் பத்திரம் ஏது? அன்று அவர்களைப் பத்திரத்தால் வடிகட்டினார்கள். இன்று பணத்தால் வடிகட்டுகிறார்கள். இரண்டும் சல்லடையே. 1964 ஒக்ரோபரின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது; எஞ்சியவர் விவகாரம் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது. கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த அக்குடும்பங்களின் சந்ததியார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நம்மோடு வாழ்கிறார்கள். வதிவிடத்தை உறுதி செய்வதற்கு ஐம்பது ஆண்டு காத்திருப்பது என்றால் என்ன என்பதை அவர்களிடம் கேட்டறியலாம்.

இப்போது இங்கே நடப்பதைப் பாருங்கள். தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடகுக்குப் போகின்றன. காலபோகத்துக்கு விதைக்கவேண்டிய வயல் ஈட்டுக்குப் போகிறது. தகப்பன் மரித்தபின் தாயின் பெயரில் எஞ்சியிருந்த மேட்டுக்காணி அறுதியாக எழுதப்படுகிறது. 2022இல் ரூபாய் விழுந்து, ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, அங்கே கட்டணம் ஒரு சதமேனும் உயராமலே இங்கே அதன் பாரம் ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று. நம் அரசாங்கமும் தன் பங்குக்குச் சாதாரண சேவைக் கடவுச்சீட்டின் கட்டணத்தை 2024 பெப்ரவரியில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக்கிற்று. அங்கே இருப்பவனோ, அடுத்த முப்பது மாதத் தவணை வருமுன் காசு சேர்க்கவேண்டும் என்ற ஒரே நினைவில், இரண்டு வேலை செய்து, உறக்கத்தைக் குறைத்து, ஊருக்கு அனுப்பும் காசையும் குறைக்கிறான். ஊரிலோ, ‘லண்டனில் இருக்கிறவன் தம்பி, அவனுக்கு என்ன குறை?’ என்று பேசுகிறார்கள். தவணை தவறி அனுமதி காலாவதியானால், வேலை செய்யும் உரிமையும் வீடு வாடகைக்கு எடுக்கும் உரிமையும் பறிபோய், கழிந்த ஆண்டுகளும் கணக்கில் சேராமல் போகக்கூடும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால், அது மீளப் பெறப்பட்டதாகவே கருதப்படும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் வர இயலாத குறையையேனும் பொறுக்கலாம். பெற்ற தாயின் செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்து, அந்தியேட்டிக்குக் காசு மாத்திரம் அனுப்பும் மகனின் துயரத்தை எந்தக் கட்டண அட்டவணை கணக்கிலெடுக்கும்?

வருங்காலம் இன்னும் கடினமாகும் அறிகுறிகள் தோன்றிவிட்டன. 2025 நவம்பரில் பிரித்தானிய உள்துறைச் செயலாளர் ஷபானா மஹ்மூத் வெளியிட்ட திட்டம், பிரித்தானியப் பிரஜைகளின் துணைவர் போன்றோர் நீங்கலாகப் பெரும்பாலானோர் நிரந்தர வதிவிடத்துக்குக் காத்திருக்கும் காலத்தை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்குவதையும், புதிதாக அகதி அந்தஸ்துப் பெறுவோரை முப்பது மாதத்துக்கு ஒருமுறை மீள்பரிசீலித்து இருபது ஆண்டு காக்கவைப்பதையும் நோக்கமாகக் கொண்டது. காத்திருக்கும் காலம் நீளும்போது செலுத்தும் தடவைகளும் பெருகும். ஆகவே கட்டணத்தை ஒரு பென்ஸ் உயர்த்தாமலே மொத்தச் சுமையை இரட்டிக்க முடியும்.

செய்யவேண்டியவை தெளிவானவை. வதிவிட விண்ணப்பத்தின் கட்டணம் அதைப் பரிசீலிக்கும் உண்மையான செலவை மிஞ்சலாகாது என்று சட்டமே வரையறுக்கவேண்டும். வருமான வரி செலுத்துபவரிடம் சுகாதாரக் கட்டணத்தை மறுபடி அறவிடும் வழக்கம் ஒழியவேண்டும். பிள்ளைகளிடம் எதுவுமே அறவிடலாகாது. முழுத் தொகையையும் ஒரே நாளில் கேட்காமல் தவணைமுறையில் பெறவேண்டும். வசதியற்றோர் கட்டண விலக்குக் கோரும் ஏற்பாடு பத்தாண்டுப் பாதையின் இடைக்கால நீடிப்புகளுக்கு ஏற்கெனவே உண்டு; கடைசிப் படியான நிரந்தர வதிவிடத்துக்கு அது இல்லாமையால், பத்து ஆண்டு நடந்தவன் வாசலில் நின்றுவிடுகிறான். அவ்விலக்கை அங்கேயும் நீட்டவேண்டும்.

நம்மவர் செய்யவேண்டியதும் உண்டு. விலக்குக் கோரலாம் என்பதையே அறியாமல், வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுபவர் பலர். ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் பணம் திரட்டுவது போற்றத்தக்கதே. அதில் ஒரு பங்கை ஒதுக்கி, வட்டியில்லாமல் கொடுத்துத் தவணையில் மீளப்பெறும் விசா நிதி ஒன்றை ஒவ்வோர் ஒன்றியமும் அமைக்குமானால், ஈட்டுக்குப் போகும் வயல்களில் பல மீளும். கலியாணம் பேசும் பெற்றோர், மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘விசா இருக்கிறதா?’ என்று கேட்பதோடு நில்லாமல், அது எவ்வகை விசா, அடுத்த தவணை எப்போது, செலவு யாருடையது என்பவற்றையும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்கவேண்டும். அந்தச் செலவைப் பெண்வீட்டார்மீது சீதனத்தோடு சீதனமாகச் சுமத்தும் வழக்கம் வெட்கப்படத்தக்கது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்தானியாவில் வாழும் நம்மவர் கையில் பெரும்பாலானோர் அறியாத ஓர் ஆயுதம் இருக்கிறது. பொதுநலவாய நாடொன்றின் பிரஜை என்ற முறையில், அங்கே தங்கியிருக்கும் அனுமதி உடைய இலங்கையர், பிரித்தானியப் பிரஜாவுரிமை பெறாத நிலையிலும், அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை உடையவர். இக்கட்டணங்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமைச்சுக்கு வழங்கியது அந்த நாடாளுமன்றமே. அதைக் கட்டுப்படுத்த வல்லதும் அதுவே. ஆகையால் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிந்து, தொகுதி உறுப்பினரிடம் நேரில் சென்று, செலவுக்கு மேல் ஏன் அறவிடுகிறீர்கள் என்று கேட்பது யாசகம் அன்று, வாக்காளனின் உரிமை. முள்ளியவளையிலே வயலை ஈடுவைத்தவர்கள் அக்கேள்வியை இலண்டனில் போய்க் கேட்க முடியாது; அவர்களுடைய பணத்தில் அங்கே குடியமர்ந்தவர்கள்தான் அவர்களுக்காகவும் சேர்த்துக் கேட்கவேண்டும்.